சரக்குக்கு யார் ஜாமீன்?

கோவையில் நூற்பு இயந்திரம் செய்யும் ஒரு தொழிலகம், இத்தாலியின் மிலன் நகரில் நடக்கும் ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்குத் தன் புது இயந்திரம் ஒன்றை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெறுமானம் ஐம்பது இலட்சம் ரூபாய். ஒரு வாரம் ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடுவார்கள். அங்கே விற்கும் எண்ணமில்லை. ஆனால் அந்த எண்ணம் மிலன் சுங்க அதிகாரியின் கண்ணுக்குத் தெரியாது. அவர் முன்னால் நிற்பது ஓர் இயந்திரம். எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதால் அது இறக்குமதிச் சரக்கு. இந்த வகை இயந்திரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் தீர்வை இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு, அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதன்மேல் இத்தாலி வாங்கும் மதிப்புக் கூட்டு வரி 22 விழுக்காடு. ஆகக்கூடி, யாருக்கும் விற்காத, ஒரு வாரம் மட்டும் அங்கே நிற்கப்போகும் ஒரு பொருளுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் ரூபாயை எடுத்து வைக்க வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. உள்ளூர்ச் சந்தையில் நுழைந்து உள்ளூர்ச் சரக்கோடு போட்டியிடும் பொருளுக்குத்தான் தீர்வை. வந்த வேலை முடிந்ததும் திரும்பிப் போகிற பொருளிடம் அதைக் கேட்பது நியாயமில்லை என்று ஏறக்குறைய எல்லா நாட்டுச் சுங்கச் சட்டங்களும் ஒப்புக்கொள்கின்றன. தகராறு வேறோர் இடத்தில். திருப்பி எடுத்துப் போகிறேன் என்று சொன்னவர் அங்கேயே விற்றுக் காசாக்கிவிட்டால் என்ன செய்வது? அவர் வெளிநாட்டவர். அவருடைய சொத்தும் வீடும் வங்கிக் கணக்கும் வெளிநாட்டில். எனவே ஒவ்வோர் அரசும் தனக்குத் தெரிந்த வழியில் ஒரு பிடிமானம் தேடிக்கொண்டது. அமெரிக்காவில் தற்காலிக இறக்குமதிக்குத் தனிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரக்கூடிய தீர்வையைப்போல் பொதுவாக இரண்டு மடங்குக்கு. ஐரோப்பிய நாடுகளில் உள்ளூர்க் கிளியரிங் ஏஜென்டைப் பிடித்து, உள்ளூர் மொழியில் விண்ணப்பித்து, வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ தரவேண்டும். மூன்று நாடுகளில் கண்காட்சி என்றால் இந்த வேலை மூன்று முறை.

வரியைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் வழியும் உண்டு. அது எவ்வளவு சுகமானது என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே சாட்சி. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, தீர்வை கட்டி இறக்கிய பொருளைப் பயன்படுத்தாமல் இரண்டாண்டுக்குள் திருப்பி அனுப்பினால் கட்டியதில் 98 விழுக்காடு கிடைக்கும். பயன்படுத்தியிருந்தால் கணக்கு வேறு. மூன்று மாதத்துக்குள் என்றால் 95 விழுக்காடு, ஆறு மாதத்துக்குள் 85, ஓராண்டுக்குள் 70, பதினெட்டு மாதம் தாண்டினால் எதுவுமில்லை. அதுவும், உள்ளே வந்த அதே பொருள்தான் வெளியே போகிறது என்று அதிகாரிக்கு ஐயமில்லாமல் நிரூபித்த பிறகு. படப்பிடிப்புக் கருவியோ சோதனைக் கருவியோ வாடகை ஓட்டத்தில் இருக்கும் தொழிலில், ஒவ்வொரு பயணத்திலும் இப்படி ஐந்து விழுக்காடு, பதினைந்து விழுக்காடு என்று கரைந்தால் இலாபம் எங்கிருந்து வரும்?

இந்தத் தொல்லைக்கு மாற்றாக வந்ததுதான் ஏ.டி.ஏ. கார்னே என்னும் ஆவணம். பச்சை அட்டை போட்ட ஒரு கோப்பு. அதை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ எண்பது நாடுகளிலும் சுங்கப் பகுதிகளிலும் தீர்வையோ வாட் வரியோ கட்டாமல், வைப்புத்தொகை எதுவும் அங்கே வைக்காமல், பொருளைக் கொண்டுபோய்க் கொண்டுவரலாம். இதைச் 'சரக்குக்கான பாஸ்போர்ட்' என்று விளம்பரக் கையேடுகளெல்லாம் எழுதுகின்றன. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. பாஸ்போர்ட், இவர் யார் என்று மட்டும் சொல்லும். திரும்பி வருவார் என்று உறுதி தராது. கார்னே செய்வது நீதிமன்றத்தில் ஜாமீன்தாரர் செய்கிற வேலை. குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து யாருடையது, அதன் பின்னால் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்தால் கார்னேயின் வரலாறு, அதன் செலவு, அதன் ஓட்டைகள் எல்லாம் பிடிபட்டுவிடும்.

முதலில் வரலாறு. இதன் தொடக்கம் பெரிய இயந்திரங்களில் இல்லை. மாதிரிப் பெட்டியோடு ஊர் ஊராகப் போன விற்பனைப் பிரதிநிதியிடம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் எல்லைகள் பெருகின. தீர்வைச் சுவர்களும் உயர்ந்தன. துணி மாதிரி, கத்தி மாதிரி, கடிகார மாதிரி என்று பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகிறவர் ஒவ்வொரு எல்லையிலும் பணம் கட்டி இரசீது வாங்கவேண்டியிருந்தது. 1923இல் ஜெனீவாவில் கையெழுத்தான சுங்க நடைமுறை எளிமையாக்க ஒப்பந்தம் இந்த மாதிரிகளுக்குச் சலுகை காட்டச் சொன்னது. 1952இல் அதே ஊரில் வணிக மாதிரிகளுக்கென்றே தனி ஒப்பந்தம் உருவாயிற்று. ஆனால் சலுகை தர ஒப்புக்கொண்ட அரசுகள் பிணையைக் கைவிட ஒப்புக்கொள்ளவில்லை. பிணைத்தொகையை யார் கட்டுவது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு விடை 1956 மார்ச்சில் பிரஸ்ஸல்சில் கிடைத்தது. அங்கே உருவான ஈ.சி.எஸ். கார்னே வணிக மாதிரிகளுக்கு மட்டுமானது. அதில் இருந்த புதுமை, அரசுக்கும் வணிகருக்கும் நடுவில் வர்த்தக சபைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. வணிகரை அயல்நாட்டுச் சுங்கத்துறை அறியாது. ஆனால் அவர் ஊர் வர்த்தக சபைக்கு அவரைத் தெரியும். ஒரு நாட்டு வர்த்தக சபைக்கு இன்னொரு நாட்டு வர்த்தக சபையைத் தெரியும். அந்த இன்னொரு சபையை அந்நாட்டுச் சுங்கத்துறைக்குத் தெரியும். தெரிந்தவர் தெரிந்தவருக்குப் பொறுப்பேற்றால் தெரியாதவரை நம்பவேண்டிய தேவையே இல்லை. பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சபை 1919லிருந்தே இருந்து வந்ததால் இந்தச் சங்கிலியைப் பின்னுவதற்கு ஓர் அமைப்பும் தயாராக இருந்தது.

மாதிரிக்குப் பொருந்துவது மற்றதற்கு ஏன் பொருந்தக்கூடாது? 1961 ஜூன் 8 அன்று பிரஸ்ஸல்சில் தொழில்முறைக் கருவிகளுக்கு ஓர் ஒப்பந்தமும் கண்காட்சிப் பொருள்களுக்கு ஓர் ஒப்பந்தமும் கையெழுத்தாயின. அந்த ஆண்டு டிசம்பர் 6இல் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஆவணமாக ஏ.டி.ஏ. ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 1963 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பிறகு இப்படிச் சிதறிக் கிடந்த பல ஒப்பந்தங்களையும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவர 1990 ஜூன் 26இல் இஸ்தான்புல் ஒப்பந்தம் உருவானது. இன்று உலகச் சுங்க அமைப்பு சட்டப் பக்கத்தையும் சர்வதேச வர்த்தக சபை ஜாமீன் பக்கத்தையும் பார்த்துக்கொள்கின்றன.

இனி நம் கோவை இயந்திரத்துக்கு வருவோம். இந்தியாவில் கார்னே வழங்கவும் அதற்குப் பொறுப்பேற்கவும் நியமிக்கப்பட்ட அமைப்பு ஃபிக்கி. தொழிலகத்தார் முதலில் செய்யவேண்டியது ஒரு பட்டியல். எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண், விவரம், எண்ணிக்கை, எடை, பெறுமானம், எந்த நாட்டில் செய்தது என்று ஆறு பத்திகள். தயாரிப்பு எண் இருந்தால் அதையும் எழுத வேண்டும். 'உதிரிபாகங்கள், ஒரு பெட்டி' என்று மொட்டையாக எழுதினால் அயல்நாட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். கார்னே கைக்கு வந்த பிறகு பட்டியலில் ஒரு திருகாணியைக்கூடக் கூடுதலாகச் சேர்க்க முடியாது. சிலவற்றை எடுத்துச் செல்லாமல் விடலாம், அவ்வளவுதான். கார்னே அனுபவசாலிகள் பட்டியல் போடுவதற்கே பல நாள் எடுத்துக்கொள்வதும், ஃபார்முலா ஒன் பந்தய அணிகளின் பட்டியல்கள் பக்கம் பக்கமாக நீள்வதும் இதனால்தான்.

பச்சை அட்டைக்குள்ளே வண்ணத் தாள்கள். சொந்த நாட்டைவிட்டுப் புறப்படவும் திரும்பி வந்து சேரவும் மஞ்சள். அயல்நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும் வெள்ளை. வழியில் ஒரு நாட்டைக் கடந்து மட்டும் போக நீலம். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அடிக்கட்டை உண்டு. சுங்க அதிகாரி தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரை குத்தித் தருவார். மிலனுக்கு நேராகப் போய் வந்தால் நான்கு முத்திரை: இந்தியாவில் புறப்பாடு, இத்தாலியில் நுழைவு, இத்தாலியில் வெளியேற்றம், இந்தியாவில் மறுவரவு. கார்னேயின் ஆயுள் அதிகபட்சம் ஓராண்டு. நுழையும் நாட்டின் சுங்கத்துறை அதற்குக் குறைவான கெடுவும் வைக்கலாம்.

எந்த முத்திரை தவறினாலும் தொல்லைதான். பெரிய தொல்லை மூன்றாவது முத்திரையில் இருக்கிறது. கண்காட்சி முடிந்த களைப்பில், விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று, சுங்க மேசையைத் தேடாமல் நேராகச் செக்-இன் வரிசைக்குப் போய்விடுவார்கள். பொருள் ஊர் வந்து சேர்ந்துவிடும். இத்தாலியின் ஏட்டிலோ அது இன்னும் இத்தாலிக்குள்ளேயே இருக்கும். கெடு முடிந்ததும் இத்தாலியச் சுங்கத்துறை கோரிக்கை எழுப்பும். தொழிலகத்தாரிடம் அல்ல, இத்தாலியில் பொறுப்பேற்ற அமைப்பான யூனியன்காமெரேவிடம். அது ஃபிக்கியிடம் கேட்கும். ஃபிக்கி தொழிலகத்தின் கதவைத் தட்டும்.

இந்த இடத்தில் ஒப்பந்தத்தின் வரிகள் நிதானமாக எழுதப்பட்டிருக்கின்றன. கார்னே காலாவதியாகி ஓராண்டுக்குள் சுங்கத்துறை கோரிக்கை எழுப்பாவிட்டால் அதன் உரிமை போய்விடும். கோரிக்கை வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பொருள் வெளியேறிவிட்டது என்பதற்கு ஆதாரம் காட்டலாம். காட்ட முடியாவிட்டால் பொறுப்பேற்ற அமைப்பு பணத்தை வைப்பாகக் கட்டவேண்டும். கட்டிய பிறகும் ஆதாரம் தேட மூன்று மாதம் உண்டு. அதற்கும் அப்பால்தான் பணம் உறுதியாகப் போகும். கேட்கப்படும் தொகையும் தீர்வையும் வரியும் சேர்ந்த தொகையைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடக்கூடாது. மூன்றாவது முத்திரை இல்லையென்றால், இந்தியச் சுங்கம் குத்திய மறுவரவு முத்திரையையே ஆதாரமாக ஏற்கவும் ஒப்பந்தம் இடம் தருகிறது. அதற்கு அந்நாடு ஒரு சீராக்கக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். மறந்துபோகிறவர்கள் மனிதர்கள்தாம் என்பது இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான்காவது முத்திரையையும் வாங்காமல் பச்சை வழியில் வெளியே வந்துவிட்டவருக்குத்தான் தப்பிக்க வழி குறைவு.

யூனியன்காமெரே பணம் கட்டினால் அதை ஃபிக்கியிடம் வாங்கிக்கொள்ளும். ஃபிக்கி எங்கே போகும்? அதற்காகத்தான் கார்னே தரும்போதே விண்ணப்பதாரரிடம் பிணை வாங்கி வைத்துக்கொள்கிறது. எல்லா நாட்டிலும் இதுதான் வழக்கம். எவ்வளவு, எந்த வடிவில் என்பதுதான் மாறும். ஆக, வைப்புத்தொகை காணாமற்போகவில்லை. அது இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு இடம் மாறியிருக்கிறது. மூன்று நாட்டுக்கு மூன்று என்றிருந்தது ஒன்றாகியிருக்கிறது. பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 'வரியில்லாமல், வைப்பில்லாமல்' என்று எழுதும் கையேடுகள் இந்தப் பகுதியைச் சிறிய எழுத்தில் போட்டுவிடுகின்றன.

உலகமெங்கும் தீர்வைகள் இறங்கிவிட்ட காலத்தில் கார்னேக்கு என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதல் தொழிற்பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வையை அடியோடு நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் மதுவகை, புகையிலை, வாகனம், எரிபொருள் தவிர மற்றவற்றுக்குத் தீர்வை கிடையாது. அப்படியும் இரண்டு நாடுகளிலும் கார்னே ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், எல்லையில் இன்று வலிக்கச் செய்வது தீர்வையைவிட நுகர்வு வரிதான். சுவிட்சர்லாந்தில் 8.1 விழுக்காடு, சிங்கப்பூரில் 9, ஜெர்மனியில் 19, பிரிட்டனில் 20, ஹங்கேரியில் 27. தீர்வையைக் குறைக்க உலக வர்த்தகப் பேச்சுகள் உதவின. வாட் வரியைக் குறைக்கச் சொல்லி யாரும் பேசுவதில்லை. 1961இல் தீர்வைச் சுவருக்காகச் செய்த சாவி 2020களில் வேறொரு பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறது.

எல்லாப் பொருளையும் கார்னேயில் கொண்டுபோக முடியாது. கண்காட்சியில் விநியோகிக்கும் துண்டறிக்கை, சாப்பிடக் கொடுக்கும் பண்டம், ஓட்டிக்காட்டும்போது தீர்ந்துபோகும் பஞ்சு ஆகியவை திரும்பி வராதவை. அவற்றுக்கு ஜாமீன் இல்லை. பழுதுபார்க்கவோ பதப்படுத்தவோ அனுப்பும் பொருளுக்கு வேறு நடைமுறை. இஸ்தான்புல் ஒப்பந்தத்தின் தொழில்முறைக் கருவிகள் பற்றிய பகுதி இன்னொரு கோடும் போடுகிறது. பத்திரிகையாளரின் கேமரா, அறுவை மருத்துவரின் கருவி, நாடகக் குழுவின் ஆடை, இயந்திரத்தை நிறுவிச் சோதிக்கப் போகும் பொறியாளரின் அளவுகோல்கள் எல்லாம் வரலாம். ஆனால் அங்கே உட்கார்ந்து பொருள் உற்பத்தி செய்யும் இயந்திரமும், கட்டடம் கட்டவும் மண் அள்ளவும் போகும் எந்திரங்களும் வரக்கூடாது. கைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு. இப்படிப்பட்டவை சும்மா வந்து போவதில்லை, உள்ளூர்க்காரரின் பிழைப்போடு போட்டி போடுகின்றன என்பது தர்க்கம். அவற்றுக்கு முழு விலக்குத் தராமல் மாதவாடகைபோல் வாங்கிக்கொள்ளும் முறை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது மாதத்துக்கு, முழுத் தீர்வையில் 3 விழுக்காடு. பந்தயக் குதிரைகள் இந்தத் தடையில் சிக்குவதில்லை. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே ஓடப்போகும் குதிரை பட்டியலில் ஒரு வரிசை எண்ணாக ஏறி, கார்னேயில் போய் வருகிறது.

குதிரைக்குக் கார்னே தேவைப்படத் தொடங்கியது அண்மையில்தான். 2020 டிசம்பர் 31 வரை லண்டனிலிருந்து பாரிசுக்கு ஒரு லாரி நிறைய ஒலிபெருக்கிகளை ஏற்றிப் போக ஒரு காகிதமும் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பிரிட்டன் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்துக்கு வெளியே நின்றது. பாப் இசைக் குழுக்கள் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒலிவாங்கிக்கும் பட்டியல் போட உட்கார்ந்தன. சிறு குழுக்கள் பயந்துபோன அளவுக்கு நிலைமை மோசமில்லை. பயணி தன்னோடு எடுத்துச் செல்லும் இசைக்கருவிக்கு ஐரோப்பியச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. கார்னே தேவையில்லை, வாய்மொழி அறிவிப்பே போதும். தோளில் வயலினோடு போகிறவர் தப்பித்தார். கருவிகளைச் சரக்காகத் தனியே அனுப்பும் இசைக்குழுக்களும் மேடை, விளக்கு, ஒலி எல்லாவற்றோடும் போகும் பெரிய குழுக்களும்தான் மாட்டிக்கொண்டன. கூடவே, பிரிட்டிஷ் லாரி ஐரோப்பாவுக்குள் மூன்று ஊருக்குமேல் சரக்கு இறக்காமல் திரும்பவேண்டும் என்ற போக்குவரத்து விதியும் சேர்ந்துகொண்டது. அதைக் கார்னேயால் தீர்க்க முடியாது.

கார்னேயால் தீராத இன்னொன்றை நம் இசைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வரிக்குத்தான் அது ஜாமீன். மற்றச் சட்டங்களுக்கு இல்லை. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது முதல் ஆசிய யானையின் தந்தம் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய தஞ்சாவூர் வீணைகளில் தந்த இழைப்பு இருப்பது நாம் அறிந்ததே. அத்தகைய வீணையை எந்தக் கார்னேயில் எழுதினாலும், உரிய வனவிலங்கு அனுமதி இல்லாமல் எல்லையில் கொண்டுபோனால் பறிபோகும். 2014இல் புடாபெஸ்ட் விழா இசைக்குழுவின் ஏழு வயலின் வில்களை நியூயார்க் விமான நிலையத்தில் தந்தம் இருக்கலாமென்ற ஐயத்தில் பறித்து வைத்தார்கள். மரமும் இந்த வலையில் விழுந்தது. 2017 ஜனவரியிலிருந்து ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசைக்கலைஞர்களும் கருவி செய்வோரும் எழுப்பிய கூக்குரலுக்குப் பிறகு 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குத் தந்தார்கள். அடிக்கடி பயணம் போகிற கலைஞருக்கு மூன்றாண்டு செல்லும் இசைக்கருவிச் சான்றிதழ் என்று ஒன்று 2013லிருந்து சைட்டிஸ் முறையில் இருக்கிறது.

இந்தியாவின் கதை பாதிக் கதவு திறந்த கதை. 1990இல் நடுவண் அரசின் அறிவிக்கை ஒன்றின் மூலம் கார்னேயில் வரும் பொருளுக்குத் தீர்வை விலக்குக் கிடைத்தது. ஆனால் நெடுங்காலம் கண்காட்சிக்கும் வணிகச் சந்தைக்கும் வரும் பொருளுக்கு மட்டுமே. இந்தியர் வெளியே போகும்போது போய்ச்சேரும் நாடு எந்த நோக்கத்தை ஏற்கிறதோ அந்த நோக்கத்துக்கெல்லாம் கார்னே எடுக்கலாம். வெளிநாட்டவர் உள்ளே வரும்போது அந்தத் தாராளம் இல்லை. சீனாவும் இப்படித்தான் 1998இல் கண்காட்சிப் பொருளோடு தொடங்கி, 2019இல்தான் தொழில்முறைக் கருவிக்கும் வணிக மாதிரிக்கும் கதவைத் திறந்தது. வளைகுடாவில் ஐக்கிய அரபு அமீரகம் 2011இலும் கத்தார் 2018இலும் சவூதி அரேபியா 2024இலும் இந்தச் சங்கிலியில் சேர்ந்தன.

பெரிய நாடுகள் தயங்கியதில் காரணமில்லாமல் இல்லை. உயர்ந்த தீர்வையை வைத்திருக்கும் நாட்டுக்குத்தான் 'தற்காலிகம்' என்று சொல்லி நுழையும் பொருளிடம் இழப்பு அதிகம். ஆனால் தொழில்முறைக் கருவி என்றால் என்ன என்பதில் நம் சட்டம் எடுத்த நிலை ஒன்றைப் பார்த்தால் தயக்கத்தின் ஆழம் புரியும். வெளிநாட்டில் வேலை முடித்துத் திரும்பும் இந்தியருக்குச் சலுகை தந்த 1998ஆம் ஆண்டு பயணிச் சுமை விதிகள், தச்சர், குழாய் வேலைக்காரர், வெல்டர், கொத்தனார் போன்றோரின் கைக்கருவிகளைத் தொழில்முறைக் கருவி என்றன. கேமரா, தட்டச்சு இயந்திரம், கணினி ஆகியவை அதில் சேராது என்று வெளிப்படையாக விலக்கின. துபாயிலிருந்தும் தம்மாமிலிருந்தும் திரும்பிய நம் ஊர்த் தொழிலாளிகளுக்கு அது நல்ல விதி. புகைப்படக்காரருக்குக் கேமராதானே கொத்தனாரின் கரண்டி என்று கேட்டவருக்கு அதில் பதில் இல்லை. கார்னே எடுக்காமல் விலையுயர்ந்த கருவியோடு வெளிநாடு போய் வருகிறவர், புறப்படும் விமான நிலையத்துச் சுங்க மேசையில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவது நல்லது. அது திரும்பி வரும்போது இந்தியாவில் மட்டும் செல்லும். போகும் நாட்டில் எதற்கும் உதவாது.

எல்லோருக்கும் கார்னே தேவையுமில்லை. திருப்பூரிலிருந்து அமெரிக்க வாங்குபவருக்குப் பனியன் மாதிரி கொண்டுபோகிறவர் 1952 ஒப்பந்தத்தின் வழிவந்த பழைய உத்தியையே இன்றும் கையாளலாம். மாதிரியில் ஓட்டை போட்டோ, கிழித்தோ, 'விற்பனைக்கன்று' என்று அழியாத மையில் குத்தியோ விட்டால் அது விற்பனைச் சரக்காவதில்லை, தீர்வையில்லாமல் நுழையும். திரும்பக் கொண்டுவரவும் வேண்டாம். கெட்டுப்போனதால் சலுகை பெறும் பொருளுக்கு எந்த ஜாமீனும் வேண்டியதில்லை. வைர நகை மாதிரிக்கும் நூற்பு இயந்திரத்துக்கும் இந்த உத்தி நடக்குமா?

இந்த ஏற்பாடு முழுக்க ஜாமீன்தாரர்களின் சங்கிலியில்தான் தொங்குகிறது என்பதற்குத் தைவானைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தைவான் உலகச் சுங்க அமைப்பில் உறுப்பினரல்ல; ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. ஆனால் அங்கே கண்காட்சிகள் நடக்காமலா இருக்கின்றன? அமெரிக்கா உட்படப் பல நாடுகள் தைவானோடு இருதரப்பு ஏற்பாடு செய்துகொண்டு, ஏ.டி.ஏ.வைப்போலவே வேறு பெயரில் ஒரு கார்னேயை ஓட்டுகின்றன. அரசுகள் ஒன்றையொன்று அங்கீகரிக்காத இடத்தில்கூட வர்த்தக அமைப்புகள் ஒன்றுக்கொன்று பணப் பொறுப்பேற்றால் சரக்கு போய் வந்துவிடுகிறது.

காகிதம் போய்த் திரையில் கார்னே வரும் முயற்சி தொடங்கிவிட்டது. 2019இல் சில நாடுகளிடையே சோதனை ஓட்டம் நடந்தது. முத்திரை தவறும் தொல்லையை அது பெருமளவு தீர்க்கும். அதிகாரி ஸ்கேன் செய்த கணமே பொறுப்பேற்ற அமைப்புக்குத் தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து ஆதாரம் தேடி அலையவேண்டாம். பிணைத்தொகை பிரச்சினையைத் திரை தீர்க்காது. பெரிய தொழிலகம் வங்கியிடம் சொல்லி உத்தரவாதக் கடிதம் வாங்கித் தந்துவிடும். ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்காரரோ, சொந்தக் கேமராவோடு ஆவணப்படம் எடுக்கும் இளைஞரோ ஓராண்டுக்கு மேலாக ரொக்கத்தை முடக்க முடியாமல், கண்காட்சியையே விட்டுவிடுகிறார்கள் அல்லது கருவியை அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்கள். ஜாமீன் என்பது இருக்கிறவருக்கு எளிது என்ற நம் நீதிமன்றத்து அனுபவம் இங்கும் மாறவில்லை.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு கார்னேக்குப் பிணை நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தியாவிலும் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2022 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்கள் பிணைப்பத்திரம் விற்க அனுமதித்திருக்கிறது. அரசுக் கொள்முதலில் வங்கி உத்தரவாதத்துக்கு மாற்றாக அவை ஏற்கப்படும் என்று அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே நிதியமைச்சர் சொன்னார். சாலை போடும் ஒப்பந்தக்காரருக்குச் செல்லும் பத்திரம், ஒரு வாரம் கண்காட்சிக்குப் போய்வரும் இயந்திரத்துக்கும் தாராளமாகச் செல்லவேண்டும். கோவையின் பம்புத் தொழில் சங்கங்களும் திருப்பூர், சிவகாசி, ஓசூர் தொழில் அமைப்புகளும் தங்கள் சிறு உறுப்பினர்களுக்காகக் கூட்டுப் பிணைப்பத்திரம் ஒன்றை எடுத்து வைத்து, ஃபிக்கியோடும் நிதியமைச்சகத்தோடும் இதைப் பேசி முடிக்கவேண்டும்.